வேலை நாளில் சொந்த யோசனைக்கு நேரம் எங்கே? கோத்தகிரியிலிருந்து வந்த சந்தேகம்

சரி, அடுத்த கேள்வி. கோத்தகிரியில் பிளவுஸ் தைக்கும் கடை வைத்திருக்கும் ஒரு தங்கை கேட்டிருக்கிறார். "அக்கா, பகல் முழுக்க ஆர்டர் வேலை. மனதுக்குள் சொந்தமாக டிசைன் ஓடிக்கொண்டே இருக்கிறது. ராத்திரி உட்கார்ந்தால் ஒன்றுமே வருவதில்லை. பண்டிகை நேரத்தில் என் சொந்த டிசைனுக்கு இரண்டு மாதம் ஊசியே எடுக்கவில்லை. முழு நாள் லீவு போட்டால்தான் முடியுமா?"

முழு நாளுக்குக் காத்திருக்காதீர்கள், தங்கச்சி. நான் குன்னூரில் 22 வருடம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதிக்கொண்டே படம் வரைந்தவள். லீவு நாளில் வரைந்தது ரொம்பக் குறைவு. லீவு அன்றைக்குத்தான் ரேஷன், துணி துவைப்பது, சொந்தக்காரர் வீடு எல்லாம் வந்து சேரும்.

கொழுந்து பறிப்பதை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். தேயிலையைத் தொடாமல் விட்டால் அது மரமாகவே வளர்ந்துவிடும். சீசனில் 10, 12 நாளுக்கு ஒருமுறை அதே செடிக்கு வந்து இரண்டு இலை ஒரு மொட்டு கிள்ளுகிறார்கள். கிள்ளக் கிள்ளத்தான் துளிர்க்கிறது. நாள் தள்ளிப்போனால் இலை முற்றிவிடும். உங்களுக்கும் காலை பத்து மணிக்குத் துளிர்த்த டிசைன் ராத்திரி ஒன்பது மணிக்கு முற்றிப்போகிறது. ராத்திரி களைத்த கையோடு யோசிக்கவும் செய்து, தைக்கவும் செய்யப் பார்க்கிறீர்கள். இரண்டையும் பிரித்துவிடுங்கள். யோசனையைப் பகலில் கிள்ளிவையுங்கள், ராத்திரி கைவேலை மட்டும்.

அதற்கு மிஷின் பக்கத்தில் ஒரு நோட்டு போதும். பேனா வேண்டாம், பென்சில் வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் மேகம் கடைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிடும், காகிதம் நமுத்து மை பரவும். ஒரு மழைக்காலத்தில் என் நோட்டு ஒன்று முழுக்கப் பூஞ்சணம் பிடித்துப் போனது. எட்டு மாதத்து யோசனை அதில் இருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது. அப்புறம்தான் பிஸ்கட் டின்னில் போட்டு மூடிவைக்கும் பழக்கம் வந்தது. போனில் குறித்தால் போதாதா என்று கேட்பீர்கள். குறிக்கலாம். ஆனால் உங்களுடையது துணி வேலை. வெட்டின துணியில் விழுந்த துணுக்கை அந்தப் பக்கத்திலேயே குண்டூசி குத்தி வைத்தால், ஒரு மாதம் கழித்தும் நிறத்தை விரலால் தொட்டுப் பார்க்கலாம்.

ராத்திரி 20 நிமிடம். நோட்டைத் திறந்து ஒன்றை எடுங்கள். முழு பிளவுஸ் வேண்டாம், கையகலத் துணி போதும். நேரம் ஆனதும் பாதியில் நிறுத்தி, ஊசியைத் துணியிலேயே குத்தி வையுங்கள். மறுநாள் எங்கே தொடங்குவது என்று யோசிக்க வேண்டியிருக்காது.

நோட்டில் 40 யோசனை சேர்ந்துவிட்டால் எதை எடுப்பது? அங்கேதான் நான் ரொம்ப வருடம் தடுமாறினேன். எனக்கு வழி காட்டியது நம் நீலகிரிப் பழங்குடியினரான தோடர் பெண்களின் பூத்தையல். வெள்ளைப் பருத்தித் துணி, சிவப்பு நூல், கறுப்பு நூல். துணியில் முன்கூட்டியே வரைந்துகொள்வது கிடையாது, இழையை எண்ணி எண்ணியே ஊசி போகிறது. 2013-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த டிசைனை எடுத்து உங்கள் பிளவுஸில் போடச் சொல்லவில்லை, அது அவர்கள் சொத்து. இரண்டே நிறத்துக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பாருங்கள். ஒரு மாதம் இரண்டு நிற நூல் மட்டும் எடுங்கள். மற்ற டப்பாவை மேலே தூக்கி வைத்துவிடுங்கள்.

இரண்டு மாதம் விட்டுப்போனதைப் பற்றி எழுதும்போது உங்கள் பயம் தெரிந்தது. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1900-களின் தொடக்கத்திலிருந்து சூரியனை நாள்தோறும் படம் எடுத்து வந்திருக்கிறார்கள். மலை மேல் அத்தனை நாளும் வெயில் அடிக்குமா? மேகம் மூடின நாளில் படம் இல்லை. வெளுத்ததும் மறுபடி எடுத்திருக்கிறார்கள். நூறு வருடத்துக்கு மேற்பட்ட அந்தப் படங்களை, நடுவில் விட்டுப்போன நாள்களோடுதான் ஆராய்ச்சியாளர்கள் இன்றும் எடுத்துப் பார்க்கிறார்கள். நீங்களும் விட்ட நாளுக்குச் சேர்த்து இரட்டிப்பாகச் செய்யப் போகாதீர்கள். அதே 20 நிமிடம்தான்.

அப்புறம் ஒன்று. முடித்த கையகலத் துணிகளைப் பெட்டிக்குள் பூட்டாதீர்கள். கடையில், அளவு கொடுக்க நிற்கிற இடத்துக்கு எதிர்ச் சுவரில் வரிசையாகக் குத்தி வையுங்கள். யாராவது ஒருவர் கைநீட்டி, "இந்த மாதிரி கழுத்துக்குப் போட்டுத் தருவீர்களா?" என்று கேட்பார். அப்போது கூச்சப்பட்டுக் கூலியைக் குறைத்துச் சொல்லிவிடாதீர்கள். கைத்தையலுக்கு ஆகும் மணிக்கணக்கையும் சேர்த்தே சொல்லுங்கள்.