மரக்கால் முதலாளி

நேயர்களுக்கு வணக்கம். கையில் தேநீர்க் கோப்பை இருந்தால், குடித்து முடித்த பிறகு அதைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். செய்த கம்பெனியின் பெயர் இருக்கும். களிமண்ணில் தன் பெயரைக் குத்தி, அந்தப் பெயருக்காகவே மக்கள் கூடுதல் காசு கொடுக்கும்படி செய்தவர் ஒருவர். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக்காரர், ஜோசையா வெட்ஜ்வுட். கலைஞர், பெரிய முதலாளி, அடிமை வியாபாரத்தை எதிர்த்தவர். இந்த மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் புகழ்வது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மூன்றும் ஒரே வேலைதான் என்பது என் கட்சி.

பிறந்தது 1730இல், ஸ்டாஃபோர்ட்ஷயரில் பர்ஸ்லம் என்ற ஊரில். குயவர் குடும்பம், வீட்டுக்குக் கடைக்குட்டி. ஒன்பது வயதில் அப்பா போய்விட்டார். கொஞ்ச காலத்தில் பெரியம்மை கண்டது. பையன் பிழைத்தான், வலது முழங்கால் பிழைக்கவில்லை. குயவனுக்கு முழங்கால் என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். காலால் மிதித்துச் சக்கரம் சுற்ற வேண்டிய தொழில் அது. மிதிக்க முடியாதவர் என்ன செய்வார்? மண்ணைக் கலந்து பார்த்தார், மெருகை மாற்றிப் பார்த்தார், சுட்டுப் பார்த்தார், முடிவுகளை நோட்டில் எழுதினார். அடுத்தவர் படித்துவிடக் கூடாதென்று சங்கேதக் குறிகளில் எழுதினார்! அந்தக் கால்தான் அவரை ஆராய்ச்சிக்காரர் ஆக்கியது என்று பிற்காலத்தில், பிரிட்டிஷ் பிரதமராகவும் ஆன கிளாட்ஸ்டன் பர்ஸ்லத்துக்கே வந்து பேசியிருக்கிறார்.

அந்தக் காலின் கதையைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வராது. 1768 மே 28. பர்ஸ்லத்திலிருந்து லண்டன் கடைக்குச் சரக்குப் பட்டியல் ஒன்று போகிறது. இத்தனை தட்டு, இத்தனை கிண்ணம் என்று வழக்கமான கணக்கு. அதன் அடியில் கணக்கர் ஒரு வரி சேர்க்கிறார்: முதலாளியின் காலை இன்று எடுத்துவிட்டார்கள், இப்படியொரு தண்டனைக்குப் பிறகு எவ்வளவு நன்றாக இருக்க முடியுமோ அவ்வளவு நன்றாக இருக்கிறார். அவ்வளவுதான். கால் போன நாளிலும் பட்டியல் நிற்கவில்லை. மயக்க மருந்து வர இன்னும் முக்கால் நூற்றாண்டு இருந்த காலம், கவனியுங்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடி வெட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்கிறார்கள். பிறகு அந்த நாளை வருஷா வருஷம் வீட்டில் திருநாளாகவே கொண்டாடினார்கள்!

மரக்காலோடு தொழிற்சாலையைச் சுற்றி வருவாராம். குறைபட்ட பாத்திரம் கண்ணில் பட்டால் அந்தக் காலாலேயே உடைத்து, ‘இது வெட்ஜ்வுட்டுக்கு ஆகாது’ என்று சாக்கட்டியால் எழுதிவிட்டுப் போவாராம். இங்கிலாந்தில் எல்லோரும் சொல்லும் கதை. எனக்குக் கொஞ்சம் சந்தேகம். மரக்காலைத் தூக்கி உடைக்க வேண்டுமானால் மற்றக் காலில் நிற்க வேண்டுமே! கைத்தடியால் உடைத்திருப்பார். இருக்கட்டும், கதை நல்ல கதை.

வியாபாரத்துக்கு வருவோம். 1765இல் ராணி சார்லட்டுக்கு ஒரு தேநீர் செட் செய்து கொடுத்தார். உடனே அந்தப் பால்நிறப் பாத்திரத்துக்கு ‘ராணிப் பாத்திரம்’ என்று பெயர் வைத்துவிட்டார். ராணி வீட்டில் இருப்பது நம் வீட்டிலும் இருக்கட்டும் என்று நடுத்தரக் குடும்பங்கள் வாங்க வந்தன. மேலே ஆசையைக் கிளப்பினால் கீழே தானாக இறங்கும் என்று அறிந்த மனிதர். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அப்போது பாத்திரங்கள் குதிரை முதுகில் போகும். சாலையோ பள்ளமும் சேறும், பாதி வழியிலேயே உடையும். ட்ரென்ட், மெர்சி ஆறுகளை இணைக்கக் கால்வாய் வேண்டும் என்று ஊரைத் திரட்டினார். 1766இல் முதல் மண்ணை வெட்டியவர் அவரே. பொருளாளரும் அவரே. சம்பளம் பூஜ்யம், அதற்குள்ளேயே என் செலவையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கடிதத்தில் கேலியாக எழுதினார். பொதுநலம்தானே என்பீர்கள். ஆமாம். ஆனால் எட்ரூரியா என்ற தன் புதுத் தொழிற்சாலையைக் கட்டியதும் அந்தக் கால்வாய் ஓரத்தில்தான். தொழிலாளர்களுக்கு வீடு கட்டித் தந்தார், வைத்தியச் செலவுக்கு நிதி ஏற்படுத்தினார். மணி அடித்ததும் வேலைக்கு வராவிட்டால் விடவும் மாட்டார். தவறே செய்யாத இயந்திரங்களாக மனிதரை ஆக்க வேண்டும் என்று எழுதியவரும் இவர்தான். அந்த வரி எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. 1787இல் லண்டனில் அடிமை வியாபாரத்தை ஒழிக்க ஒரு சங்கம் தொடங்கியது. வெட்ஜ்வுட் அதன் குழுவில் சேர்ந்தார். பணம் கொடுத்துவிட்டு ஒதுங்கியிருக்கலாம். அவர் தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தார். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு உருவம்: விலங்கிட்ட ஆப்பிரிக்கர் ஒருவர் மண்டியிட்டுக் கைகூப்புகிறார். சுற்றிலும் ‘நான் ஒரு மனிதன் இல்லையா, உன் சகோதரன் இல்லையா?’ என்ற கேள்வி. உள்ளங்கைக்குள் அடங்கும் சின்ன வில்லை. அவருடைய சிற்பி ஹாக்வுட் வார்த்தது. தன் செலவில் செய்து இலவசமாகக் கொடுத்தார். ஆண்கள் பொடிடப்பி மூடியில் தங்கம் கட்டிப் பதித்தார்கள், பெண்கள் வளையலிலும் கொண்டை ஊசியிலும் அணிந்தார்கள். ராணிப் பாத்திரத்தில் செய்த அதே வித்தை, பாருங்கள்! ஒன்றை நாகரிகமாக்கினால் பரவும். இங்கே பரவியது ஒரு கேள்வி. அமெரிக்காவில் தலைவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளினுக்கும் ஒரு கட்டு அனுப்பினார். நன்றாக எழுதிய துண்டுப் பிரசுரத்துக்கு இணையான பலன் இதற்கு உண்டு என்று அவர் பதில் எழுதினார்.

மண்டியிட்டுக் கெஞ்சுகிற உருவம்தானா கிடைத்தது என்று இன்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. விடுதலைக்காகத் தாமே போராடிய ஆப்பிரிக்கர்கள் அந்த வில்லையில் இல்லை. அவர் விற்ற தேநீர் செட்டுகளில் சர்க்கரைக் கிண்ணமும் இருந்தது, அந்தச் சர்க்கரை அடிமைத் தோட்டங்களிலிருந்துதான் வந்தது. இதையும் சேர்த்தே அவரைப் பார்க்கிறேன். அடிமை வியாபாரத்தை பிரிட்டன் தடை செய்தது 1807இல். அவர் 1795லேயே காலமாகிவிட்டார்.

ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். சூளையின் வெப்பத்தை அளக்க அவர் செய்த கருவியைச் சொல்ல நினைத்தேன், அதற்குப் படமே வேண்டும், விட்டுவிடுகிறேன். ரஷ்யப் பேரரசி காதரீனுக்குப் பச்சைத் தவளைச் சின்னத்தோடு 952 பாத்திரங்கள் செய்ததும் போகட்டும். ஒன்றே ஒன்று. இவருடைய மகள் சூசானாவின் பிள்ளைதான் சார்ல்ஸ் டார்வின். டார்வின் பீகிள் என்ற ஆய்வுக் கப்பலேற அவருடைய அப்பா தடை சொன்னபோது, பரிந்து பேசிச் சம்மதிக்கவைத்தவர் தாய்மாமன், இரண்டாம் ஜோசையா. டார்வின் கட்டிக்கொண்டதும் அந்தத் தாய்மாமன் மகள் எம்மாவைத்தான். நம் ஊர்க் கணக்கில் முறைப்பெண்! வணக்கம்.