வகுப்பை விட்ட பிறகு

நேயர்களுக்கு வணக்கம்.

ராமேசுவரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் என்ற ஊரில் பல வருடம் யோகா சொல்லிக்கொடுத்தவள் நான். இப்போது வகுப்பு எடுப்பதில்லை. "டீச்சர், யோகாவை விட்டுட்டீங்களா?" என்று கடைத்தெருவில் கேட்கிறார்கள். வகுப்பைத்தான் விட்டேன். யோகா இப்போதுதான் முழுசாக என் கைக்கு வந்திருக்கிறது.

பேச்சு என்பது வெளிமூச்சில்தான் வரும். "மூச்சை உள்ளே இழுங்க" என்று வகுப்பில் சொல்லும்போது எல்லாரும் இழுப்பார்கள்; நான் விட்டுக்கொண்டிருப்பேன். அவர்கள் கண்ணை மூடியிருக்க, யார் முதுகு வளைகிறது என்று நான் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆசிரியர் வேலையே அதுதான், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் என் மூச்சோடு நான் இருக்க அங்கே இடமில்லை.

யோக சூத்திரம் தந்த பதஞ்சலி முனிவர் அடங்கிய இடம் ராமேசுவரம் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. யோகாவுக்கு அவர் வகுத்த எட்டு அங்கங்களில் ஆசனம் மூன்றாவது, மூச்சுப் பயிற்சியான பிராணாயாமம் நான்காவது. வருகிறவர்கள் இடுப்பு வலி, தோள் வலி என்று வருவார்கள்; அவர்களுக்கு முதலில் வேண்டியது ஆசனம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் வருவார்கள். வலை இழுத்து இறுகிய தோள், கையைத் தூக்கினால் காதைத் தொடாது.

மூச்சின் பக்கம் என்னைத் திருப்பியவர்கள் பாசி எடுக்கும் பெண்கள். சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை, விரல்களில் சுற்றிய துணி, முகத்தில் கண்ணாடி, இடுப்பில் வலைப்பை. பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் பிய்க்க மூச்சடக்கி முங்குவார்கள். மூச்சை அடக்குவதற்கு யோகாவில் கும்பகம் என்று பேர்; அந்தப் பேரே கேள்விப்படாதவர்கள். மேலே வந்ததும் அவசரமில்லாமல் மூச்சு விடுவார்கள் பாருங்கள், அந்த நிதானத்தை நான் எந்த வகுப்பிலும் கண்டதில்லை.

இப்போது விடியுமுன் மாடியில் உட்காருகிறேன். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றில் மணல் பறக்கும் மாதங்களில் உள்ளறை. கொஞ்சம் ஆசனம், அப்புறம் நாடி சுத்தி, அதாவது மூக்கின் இரண்டு துளையிலும் மாற்றி மாற்றி மூச்சு விடுவது. 4 எண்ணி இழுத்து, 8 எண்ணி விடுவேன். திருமூலர் சொன்ன கணக்கு பெரிது: 16 மாத்திரை (எண்ணுகிற கால அளவு) இழுத்து, 64 அடக்கி, 32 விடுவது. அந்த 64-ஐப் பக்கத்தில் குரு இல்லாமல் தொட வேண்டாம். ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மூச்சை அடக்கவே கூடாது. இழுப்பதைப் போல் இரண்டு மடங்கு விடுவது, அது மட்டும் நமக்குப் போதும். மணிக்கட்டில் நாடி பிடித்துக்கொண்டு மெதுவாக விட்டுப் பாருங்கள். துடிப்பு தளர்வது விரலுக்கே தெரியும்.

முங்கப் போகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இறங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சை இழுத்து இழுத்து விடக் கூடாது. அதனால் உடம்பில் கரியமில வாயு குறைந்துவிடும். மூச்சு முட்டுகிறது, மேலே போ என்று மூளையை உசுப்புவதே அந்த வாயுதான். அது குறைந்தால், ஆக்சிஜன் தீர்ந்தாலும் உங்களுக்குத் தெரியாது, தண்ணீருக்குள்ளேயே மயங்கிவிடுவீர்கள். மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளுகிற கபாலபாதி பழகுகிறவர்கள் அதைக் கரையில் வைத்துக்கொள்ளுங்கள். செய்த கையோடு கடலில் இறங்காதீர்கள், தனியாக ஒருபோதும் முங்காதீர்கள்.

நன்றி, வணக்கம்.