நாடு மாறும் பேராசிரியர்: பெருமை யாருக்கு, செலவு யாருக்கு?

அவைத் தலைவர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, ஆய்வு மாணவர்களே,

உலகமயமான உயர்கல்வி என்று தலைப்புக் கொடுத்தால், மேடை ஏறுபவர்கள் பெரும்பாலும் மாணவர்களைப் பற்றிப் பேசிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். கட்டணம் செலுத்துபவர்கள் அவர்கள்தாம். ஆகவே கவனமும் அவர்கள் மீதே. நான் கரும்பலகைக்கு அருகில் நிற்பவரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இப்படிப்பட்ட கூட்டங்களில் தவறாமல் ஒலிக்கும் அந்தச் சங்கப்பாடல் வரியை இன்று விட்டுவிடுகிறேன். அதைப் பாடியவரிடம் விசா கேட்டவர் யாரும் இல்லை.

வெளிநாட்டு ஆசிரியர் என்பவர் இன்று ஒரு மதிப்பெண். பல்கலைக்கழகங்களை ஆண்டுதோறும் வரிசைப்படுத்தும் கியூஎஸ் உலகத் தரவரிசையில் வெளிநாட்டு ஆசிரியர் விகிதத்துக்கு 5 சதவீதம் ஒதுக்கியிருக்கிறார்கள். டைம்ஸ் உயர்கல்வித் தரவரிசையில் அது 2.5 சதவீதம். பல்கலைக்கழகத்தின் ஆண்டறிக்கையில் அவருடைய புகைப்படம் முன்பக்கத்துக்கு வருவது இதனால்தான். அவர் வந்து சேர்ந்த செலவை யார் ஏற்றார், எத்தனை ஆண்டுகள் தங்கினார், போகும்போது எதை இழந்துவிட்டுப் போனார் என்பதெல்லாம் எந்தப் பக்கத்திலும் இருக்காது.

ஊர்விட்டு ஊர் போய்ப் படிப்பதும் கற்பிப்பதும் பழைய வழக்கம். 12ஆம் நூற்றாண்டின் நடுவில் புனித ரோமானியப் பேரரசர் முதலாம் பிரெடரிக் பிறப்பித்த ஓர் ஆணையில், கல்விக்காகப் பயணம் செய்வோருக்குப் பாதுகாப்பு உண்டு என்றார். அதில் ஒரு விதி எனக்கு மிகவும் பிடிக்கும்: ஓர் ஊர்க்காரன் கடன் வாங்கித் திருப்பித் தராவிட்டால், அதே ஊரிலிருந்து வந்த அறிஞரைப் பிடித்துவைத்து வசூலிக்கக் கூடாது. அடுத்த நூற்றாண்டில் போப்பாண்டவர்கள், ஓரிடத்தில் தேர்ச்சி பெற்ற ஆசிரியர் எங்கும் கற்பிக்கலாம் என்ற உரிமையைப் பல்கலைக்கழகங்களுக்கு வழங்கினார்கள். ஏட்டில் உரிமை இருந்தது. ஆனால் பெரிய பல்கலைக்கழகங்கள் மற்றவர் கொடுத்த தகுதியை மறுதேர்வு இல்லாமல் ஏற்கத் தயங்கின. வேறிடத்தில் வாங்கிய பட்டம் இங்கும் செல்லும் என்று காட்டும் தகுதிச் சமநிலைச் சான்றிதழுக்காக அலைந்தவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். உங்களுக்கு எழுநூறு ஆண்டு முன்னோர் உண்டு என்று ஆறுதல் கொள்ளலாம்.

ஒரு நாடு வெளிநாட்டு ஆசிரியரை எப்படி வரவேற்கலாம் என்பதற்கு நான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கும் உதாரணம் 1933ஆம் ஆண்டின் இஸ்தான்புல். அந்த ஏப்ரலில் ஜெர்மனியில் நாஜி அரசு ஒரு சட்டம் கொண்டுவந்து, யூதர்களையும் அரசியல் எதிர்ப்பாளர்களையும் அரசுப் பதவிகளிலிருந்து நீக்கியது. பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் அதில் அடக்கம். அதே ஆண்டில் துருக்கி தன் பழைய உயர்கல்வி நிறுவனத்தைக் கலைத்துவிட்டு இஸ்தான்புல் பல்கலைக்கழகத்தைப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தது. வெளியேற்றப்பட்டவர்களில் பலரை அது அழைத்துக்கொண்டது.

வந்தவர்களோடு அது போட்ட ஒப்பந்தத்தின் விதிகளைப் பாருங்கள். தொடக்கத்தில் மொழிபெயர்ப்பாளரை அருகில் வைத்துக்கொண்டு வகுப்பு எடுக்கலாம். ஆனால் மூன்று ஆண்டுகளுக்குள் துருக்கி மொழியில் கற்பிக்கப் பழக வேண்டும். பாடநூலும் அம்மொழியில் வர வேண்டும். வணிகச் சட்டப் பேராசிரியர் எர்ன்ஸ்ட் ஹிர்ஷ் மொழியைக் கற்றார், துருக்கிக் குடியுரிமை பெற்றார், பின்னாளில் அந்நாட்டின் வணிகச் சட்டத் தொகுப்பையே வரைந்து கொடுத்தார். பொருளியல் பேராசிரியர் பிரிட்ஸ் நோய்மார்க் வருமான வரிச் சட்டத்துக்குத் துணைநின்றார். இருவரும் போருக்குப் பின் ஜெர்மனி திரும்பினார்கள். அதற்குள் ஒரு தலைமுறை மாணவர்களை உருவாக்கியிருந்தார்கள்.

இந்தக் கதையை இனிப்பாக மட்டும் சொல்வது நேர்மையாகாது. அந்தச் சீர்திருத்தத்தின்போது உள்ளூர் ஆசிரியர்கள் பலர் வேலை இழந்தார்கள். வந்தவர்களின் நாற்காலிகளில் சில அந்த உள்ளூர்க்காரர்கள் எழுந்துபோனவை. இருந்தாலும் ஒன்று கவனிக்கத் தக்கது. அந்த அரசு வந்தவரிடம் மொழி, புத்தகம், மாணவர் என்று தெளிவாகக் கேட்டது. பதிலுக்குப் பதவியும் நல்ல சம்பளமும் கொடுத்தது. இன்று தரவரிசைக்காக ஆள் சேர்க்கும் நிறுவனம் அவரிடம் இவ்வளவுகூடக் கேட்பதில்லை.

தமிழாய்வையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழறிஞர் சேவியர் தனிநாயகம் அடிகள் இலங்கையில் கற்பித்துவிட்டு 1961இல் மலாயாப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு 1966இல் கோலாலம்பூரில் நடந்ததற்கு அவர் அங்கே இருந்தது முக்கியக் காரணம். ஓர் ஆசிரியர் இடம்மாறினால் ஒரு துறையே கூடவரும். ஆனால் அவர் ஊன்றி நிற்கக் காலம் வேண்டும்.

அந்தக் காலத்தைத்தான் இன்றைய ஏற்பாடுகள் கொடுப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி ஆய்வு உதவித்தொகையைப் பாருங்கள். மதிப்புக்குரிய திட்டம், குறைசொல்ல மனம் வராது. ஆனால் அதன் நிபந்தனை: போய்ச் சேர விரும்பும் நாட்டில் முந்தைய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் வசித்திருக்கக் கூடாது. அதாவது நகர்ந்தால்தான் உண்டு. ஐரோப்பாவுக்குள் ஒன்று அல்லது இரண்டு ஆண்டுகள். பிறகு அடுத்த நாடு, அடுத்த மொழி, பிள்ளைக்கு அடுத்த பள்ளி. முப்பத்தைந்து வயதில், வாழ்க்கைத்துணைக்கும் ஒரு தொழில் இருக்கும்போது, இதில் யார் விட்டுக்கொடுக்கிறார் என்று நான் விளக்கத் தேவையில்லை. மகளிர் பேராசிரியர்கள் பக்கம் திரும்பிப் பாருங்கள், போதும். விருப்பத்தோடு போவதை நாம் கொண்டாடலாம். போகாவிட்டால் வேலை இல்லை என்பதற்கும் அதே கைதட்டலா?

இப்போது பணத்துக்கு வருவோம். பிரிட்டனுக்குப் போகும் ஒரு விரிவுரையாளர், கணவர், இரண்டு சிறு பிள்ளைகள், ஐந்தாண்டு விசா. விசாக் கட்டணம் தனி. அதோடு அரசு மருத்துவச் சேவைக்கான சுகாதாரக் கூடுதல் கட்டணம் ஒன்று உண்டு. 2024 பிப்ரவரி முதல் பெரியவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, 18 வயதுக்குட்பட்டவருக்கு 776 பவுண்டு. நால்வருக்கும் ஐந்தாண்டுக்குக் கணக்குப் போட்டால் 18,110 பவுண்டு. முதல் மாதச் சம்பளம் கைக்கு வருமுன்பே, விண்ணப்பிக்கும் அன்றே மொத்தமாகக் கட்ட வேண்டும். சில பல்கலைக்கழகங்கள் திருப்பித் தருகின்றன. சில கடனாகக் கொடுத்துச் சம்பளத்தில் பிடிக்கின்றன. சில, வாழ்த்துக் கடிதம் அனுப்புகின்றன.

ஓய்வூதியம் இன்னும் மோசம். அமெரிக்காவில் அரசு தரும் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்துக்குச் சுமார் பத்தாண்டுகள் பங்களித்திருக்க வேண்டும். வெளிநாட்டுத் தொழில்வல்லுநர்களுக்கான எச்-1பி வேலை விசாவில் வழக்கமாகத் தங்கக்கூடியது ஆறு ஆண்டுகள். நிரந்தரக் குடியிருப்புக்கு வழி திறக்காமல் ஊர் திரும்பினால், இரு நாடுகளுக்கும் இடையே அதற்கான ஒப்பந்தமும் இல்லையென்றால், ஆறு ஆண்டுகள் பிடித்த பணம் போனது போனதுதான். இப்படி மூன்று நாடுகளில் வேலை பார்த்தவருக்கு மூன்று இடத்திலும் தகுதிக் காலம் நிறையாமல், அறுபது வயதில் கையில் ஒன்றும் இல்லாமல் போகலாம்.

பள்ளி ஆசிரியர்களின் நிலை இதைவிடக் கடுமை. பிலிப்பைன்ஸிலிருந்து அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக்கு வேலைக்கு எடுக்கப்பட்ட சுமார் 350 ஆசிரியர்கள், முகவர் நிறுவனத்துக்கு ஆளுக்குப் பல ஆயிரம் டாலர் கட்டிக் கடனில் மூழ்கினார்கள். வழக்குத் தொடுத்தார்கள். 2012 டிசம்பரில் நடுவர் குழு அவர்களுக்கு 45 லட்சம் டாலர் வழங்கத் தீர்ப்பளித்தது. வழக்கு வென்றதால் நமக்குத் தெரிகிறது. கடனை அடைத்துவிட்டுச் சும்மா இருப்பவர்களின் கணக்கு யாரிடமும் இல்லை.

நான் சொன்ன பேரரசரின் ஆணை நினைவிருக்கிறதா? ஊர்க்காரன் கடனுக்கு அறிஞரைப் பிடிக்காதே என்றது. அமெரிக்க நீதித்துறை 2018இல் சீனாவைக் குறிவைத்து ஒரு திட்டம் தொடங்கியது. உளவைத் தடுப்பது நோக்கம். நடைமுறையில் சீன வம்சாவளிப் பேராசிரியர்கள் பலர், நிதிவிவரம் சரியாகக் குறிப்பிடவில்லை என்பது போன்ற குற்றச்சாட்டில் சிக்கினார்கள். புகழ்பெற்ற ஓர் இயந்திரப் பொறியியல் பேராசிரியர் 2021 ஜனவரியில் கைதானார். ஓராண்டு கழித்து வழக்கே திரும்பப் பெறப்பட்டது. 2022 பிப்ரவரியில் அந்தத் திட்டமும் கைவிடப்பட்டது. இரு நாடுகளுக்கும் பகை என்றால் நடுவில் நிற்பவர் ஆசிரியர்.

நாங்கள் பயிற்றுவித்த ஆசிரியர்களைப் பணக்கார நாடுகள் அள்ளிக்கொண்டு போகின்றன என்ற, அனுப்பும் நாடுகளின் முறையீடும் நியாயமானது. அதைக் கேட்டுத்தான் காமன்வெல்த் நாடுகள் 2004இல் ஆசிரியர் பணிச்சேர்ப்பு நெறிமுறை ஒன்றை ஏற்றன: கல்வியாண்டின் நடுவில் ஆளைப் பிடுங்காதே, வந்தவரை உள்ளூர் ஆசிரியருக்குச் சமமாக நடத்து என்பது அதன் சாரம். சட்டக் கட்டாயம் ஏதும் இல்லை. கதவைச் சாத்திவிடுங்கள் என்று சொல்பவர்களோடு மட்டும் எனக்கு உடன்பாடில்லை. நல்ல ஆய்வகமும் பேச்சுச் சுதந்திரமும் தராத அரசு, போனவரைத் துரோகி என்பது வேடிக்கை.

ஆவணங்களுக்குப் பஞ்சமில்லை. 1997இல் யுனெஸ்கோ வெளியிட்ட உயர்கல்வி ஆசிரியர்களுக்கான பரிந்துரை, ஓய்வூதிய உரிமை நாடு கடந்தும் மாற்றத்தக்கதாக இருக்க வேண்டும் என்கிறது. தகுதிகளை அங்கீகரிப்பதற்கான உலக உடன்படிக்கை 2019இல் ஏற்கப்பட்டு 2023 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. பட்டம் எல்லை தாண்ட வழி பிறந்துவிட்டது. ஓய்வூதியம் இன்னும் பரிந்துரையிலேயே இருக்கிறது.

ஆகவே என் கோரிக்கை மிகச் சிறியது. தரவரிசை நிறுவனங்கள் வெளிநாட்டு ஆசிரியர்களின் எண்ணிக்கையோடு மேலும் இரண்டு எண்களைக் கேட்கட்டும். அவர்களில் ஐந்தாண்டு கடந்தும் பணியில் இருப்பவர்கள் எத்தனை பேர்? அவர்கள் குடும்பத்தோடு வந்து சேர்ந்த செலவில் பல்கலைக்கழகம் ஏற்றது எவ்வளவு? இதற்கும் 5 சதவீத மதிப்பெண் உண்டு என்று அறிவித்தால், துணைவேந்தர்கள் மறுவாரமே கூட்டம் போட்டுவிடுவார்கள். கேள்விகள் இருந்தால் கேளுங்கள், நேரம் இருக்கிறது.