கதவைத் தட்டியது வானொலி

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, குல்லாவும் சால்வையுமாக வந்திருக்கும் கொடைக்கானல் மக்களே, வணக்கம். நீட்டினால் கொடுத்த நேரம் வணக்கத்திலேயே போய்விடும்.

‘விடுமுறைக் காலைக்கு இன்பம் தருவது வானொலிப் பேச்சா, தொலைக்காட்சியா?’ என்பது தலைப்பு. வானொலியே என்று சொல்லத்தான் வந்தேன். ஆனால் எனக்கு முன் பேசிய எதிரணி அம்மையார், “முகமே தெரியாத ஒருவர் பெட்டிக்குள் பேச, அதைக் கேட்டுத் தனியாகச் சிரிப்பவரை ஊர் வேறு பெயரால் அழைக்கும்” என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், குளிருக்கு.

அம்மா, சரோஜ் நாராயணசுவாமி டெல்லியிலிருந்து செய்தி வாசிக்கத் தொடங்கினால் வீடே அடங்கிக் கேட்டதே, யார் முகம் பார்த்தார்கள்? தென்கச்சி கோ. சுவாமிநாதன் ‘இன்று ஒரு தகவல்’ சொல்வார். தான் சிரிக்காமல் நம்மைச் சிரிக்கவைப்பார். 2009இல் அவர் மறைந்தபோது வருந்தியவர்களில் எத்தனை பேர் அவரை நேரில் கண்டவர்கள்? உங்கள் கணக்குப்படி அத்தனை பேருக்கும் வேறு பெயர்!

பூம்பாறைப் பக்கம் என் பெரியம்மா வீடு. ஞாயிற்றுக்கிழமை காலை. கையில் வரக்காப்பி, மடியில் உரிப்பதற்கு மலைப்பூண்டு, அடுப்புத் திண்டில் ரேடியோ. தீர்ந்துபோன பேட்டரிக் கட்டையை ஊரெல்லாம் வெயிலில் வைப்பார்கள். இந்த மலையில் வெயிலுக்கு எங்கே போவது? எங்களுக்கு அடுப்பு ஓரம்தான் வெயில்.

நாடகம் ஓடுகிறது. மழை இரவு, கதாநாயகி தனியாக இருக்கிறாள். ‘டொக், டொக்.’ பெரியம்மா பூண்டைக் கீழே வைத்தார், முந்தானையை உதறினார், போய் எங்கள் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டார்! வெளியே ஆளில்லை. மூடுபனிதான் உள்ளே வந்தது. பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, மறுபடியும் சொல்கிறேன்: தட்டியது நாடகத்தில், திறந்தது பூம்பாறையில்! பெரியப்பா சிரித்துவிட்டார். ஒரு வாரம் அவர் காப்பியில் சர்க்கரை இல்லை.

பொறுங்கள், இன்னும் இருக்கிறது. அடுத்த ஞாயிறு, நாடகத்தின் தொடர்ச்சி. ‘டொக், டொக்.’ “இந்த முறை ஏமாற மாட்டேன்” என்று பெரியம்மா பூண்டை உரிக்கிறார். மறுபடியும் ‘டொக், டொக்.’ “பாவம், எவ்வளவு நேரம்தான் தட்டுவான்? அவள் திறந்து தொலைக்கக் கூடாதா?” என்கிறார். நாடகம் முடிந்தது. உருளைக்கிழங்குக்கு உரம் வைப்பது எப்படி என்று ஒருவர் பேசுகிறார். அப்போதும் ‘டொக், டொக்!’ உரத்துக்கு எதற்குக் கதவு? திறந்தால், வத்தலக்குண்டிலிருந்து விடியற்காலை பஸ் ஏறி வந்த புது மாப்பிள்ளை, மீசையில் பனி சொட்ட நிற்கிறார்!

அம்மையாரே, தொலைக்காட்சியில் ஒருவன் கதவைத் தட்டினால் நீங்கள் எழுந்து போவீர்களா? அவன் தட்டுவது அவன் வீட்டுக் கதவை. அது உங்கள் கண்ணுக்கே தெரிகிறது. வானொலிக்காரன் தட்டினால் அது நம் வீட்டுக் கதவு.

அறிவியலும் கொஞ்சம் குறித்து வந்திருந்தேன். பண்பலை நேர்கோட்டில் போவது. ஏறத்தாழ 7,000 அடி உயரத்திலிருந்து பேசுவதால் நம் கொடைக்கானல் பண்பலை 100.5 மதுரைக்காரருக்குத் துல்லியமாகக் கேட்கிறது, மலைமடிப்பில் இருக்கும் பெரியம்மாவுக்குக் கரகரக்கிறது. கொடியில் துணி காயப்போடும் கம்பியோடு ஏரியலைக் கட்டித்தான் கேட்கிறார். மற்ற குறிப்புகளை மடித்து வைத்துவிடுகிறேன்.

பெரியப்பா இப்போது இல்லை. சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். “வணக்கம் நேயர்களே” என்றார் அறிவிப்பாளர். பெரியம்மா பூண்டிலிருந்து தலை நிமிராமல், “வணக்கம் தம்பி, காப்பி குடித்தாயா?” என்றார். நான் சிரிக்கவில்லை. அந்த வீட்டில் மற்ற நாட்களில் அவரிடம் முதலில் பேசுகிற குரல் அது ஒன்றுதான்.

கதவு வெறுமனே சாத்தியிருந்தது. ஏன் தாழ் போடவில்லை என்று கேட்டேன்.

“தட்டுவது ரேடியோவா, ஆளா என்று இந்தக் காதுக்கு இப்போது தெரிவதில்லை. யார் வந்தாலும் தள்ளிக்கொண்டு வரட்டும்.”

மணி அடித்துவிட்டது நடுவர் அவர்களே. இது ரேடியோவில் இல்லை. வணக்கம்.