கை நீட்டாத கணவன்

(தருமபுரியில் ஒரு திரையிடலுக்குப் பிறகு பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம்.

இப்போது நாம் பார்த்த ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’ 2021இல் மலையாளத்தில் வந்தது. எழுதி இயக்கியவர் ஜியோ பேபி. 2023இல் ஐஸ்வர்யா ராஜேஷ் நடிக்கத் தமிழிலும் வந்தது.

படத்தில் வரும் இந்தக் கணவன் குடிக்கவில்லை, மனைவி மீது கை நீட்டவில்லை. பள்ளிக்கூட வாத்தியார். நம் பக்கம் மாப்பிள்ளை விசாரித்தால் “பையன் தங்கம்” என்பார்கள். அவன் குடிகாரனாக இருந்திருந்தால், ‘நான் அப்படி இல்லை’ என்று நாம் நிம்மதியாக எழுந்து போயிருப்போம். இங்கே அந்த வழியை அடைத்துவிட்டார்கள்.

அந்த சிங்க் குழாயைக் கவனித்தீர்களா? ஒழுகுகிறது, பிளம்பரைக் கூட்டி வாருங்கள் என்கிறாள் மனைவி. மறந்துவிடுகிறான். திரும்பச் சொல்கிறாள், திரும்ப மறக்கிறான். கீழே வைத்த பாத்திரத்தில் அழுக்குத் தண்ணீர் சேர்கிறது. அந்த நாற்றம் அவள் கையோடு படுக்கை வரை போகிறது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் மனத்தைப் புண்படுத்துவதையும் வன்முறை என்றுதான் சொல்கிறது. ஆனால் குழாய் ஒழுகுகிறது என்று யார் மனு கொடுப்பார்கள்?

நம் வீட்டுக்கு வருவோம். கேழ்வரகுக் களி ஆறினால் இறுகிவிடும். அவர் எத்தனை மணிக்கு வந்தாலும் சூடாக இருக்க வேண்டும். ஓசூர் கம்பெனியில் ஷிப்ட் முடித்துப் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த பெண்தான் துடுப்பைப் பிடிக்கிறாள். கட்டி தட்டினால் அதற்கும் ஒரு பேச்சு. 2019இல் மத்திய அரசு எடுத்த நேரக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காகச் சராசரியாக ஒரு நாளில் 299 நிமிடம் உழைத்தார்கள். ஆண்களுக்கு 97. அதுவும் வீட்டு வேலை செய்கிற ஆண்களுக்கு மட்டும். செய்யாதவர்கள் அந்தச் சராசரியில் இல்லவே இல்லை.

கடைசியில் அவள் வீட்டை விட்டுப் போகிறாளே, அதற்குப் பதில் “உட்கார்ந்து பேசியிருக்கலாமே” என்று முன்வரிசையில் ஒரு தம்பி கேட்டார். பேசினாளே! ஓட்டலில் அவன் மென்ற சக்கையைத் தட்டிலேயே ஒதுக்கி வைத்தான். வீட்டில் மேசை முழுக்கத் துப்பி வைப்பவன். அவள் சிரித்துக்கொண்டே அதைச் சொன்னாள். அவன் முகம் மாறியது. மன்னிப்புக் கேட்டது அவள்தான். அதற்கப்புறம் எந்த தைரியத்தில் வாயைத் திறப்பாள்?

இன்று இங்கே பெண்கள் மிகக் குறைவு. அடுத்த படமும் இதே ஏழு மணிக்குத்தான். அன்றைக்குச் சமையலை நீங்கள் பார்த்துக்கொண்டு, வீட்டிலுள்ள பெண்களை அனுப்பி வையுங்கள். கேள்விகளை அவர்கள் கேட்கட்டும். நன்றி.