வழுக்கிய அரை நொடி வரைபடத்தில் எப்படித் தெரிகிறது?

வணக்கம் நேயர்களே. சென்ற மாதம் மழை விட்ட ஒரு மாலையில், ஆற்காடு சாலையில் மெட்ரோ பணிக்காகப் போட்டிருந்த இரும்புத் தகட்டின்மேல் என் பைக்கின் முன்சக்கரம் வழுக்கியது. நான் விழவில்லை, காலை ஊன்றவுமில்லை. பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஹாரன்கூட அடிக்கவில்லை. இப்படி மயிரிழையில் தப்பும் கணங்களை வண்டியில் பொருத்திய உணரியின் பதிவிலிருந்து கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் இன்றைய பேச்சு.

திரையில் இரண்டு வரைபடங்கள் உள்ளன. இடப்பக்கம் எங்கள் தெரு வேகத்தடை: செங்குத்து முடுக்கம் 2 ஜி (அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் இருமடங்கு) வரை ஊசிபோல் எழுந்திருக்கிறது. வலப்பக்கம் அந்த வழுக்கல்: முடுக்கத்தில் சொல்லிக்கொள்ளும்படி எதுவுமில்லை, ஆனால் சாய்வின் வேகம் மட்டும் அரை நொடிக்குள் இடமும் வலமுமாக வெட்டியிருக்கிறது. குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் ஆபத்து என்று நான் எழுதிய முதல் நிரல், வேகத்தடைகளையெல்லாம் பிடித்துக்கொடுத்துவிட்டு வழுக்கலைக் கோட்டைவிட்டது.

வளைவுகளில் சிக்கல் இன்னும் சுவையானது. 25 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 40 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பும் வண்டி ஏறக்குறைய 27 டிகிரி சாய்கிறது. ஆயினும் முடுக்கத்தை அளக்கும் உணரியான ஆக்சிலரோமீட்டரைக் கேட்டால், வண்டி நேராகத்தான் நிற்கிறது, எடைதான் கொஞ்சம் கூடியிருக்கிறது என்று சத்தியம் செய்யும். ஸ்கூட்டர் கொக்கியில் மாட்டிய காய்கறிப் பை, கத்திப்பாரா மேம்பாலத்தின் சுற்றுவழியில் இறங்கும்போது பக்கவாட்டில் ஆடாமல் வண்டியோடு சேர்ந்தே சாய்வதைக் கவனித்திருப்பீர்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றே: புவியீர்ப்பும் வளைவில் வெளியே தள்ளுவதுபோல் தோன்றும் விசையும் சேர்ந்து, வண்டி சாய்ந்திருக்கும் திசையிலேயே இழுக்கின்றன. எனவே சாய்கோணத்துக்கு, சுழலும் வேகத்தை அளக்கும் ஜைரோஸ்கோப் வேண்டும். அதன் சிறு பிழைகளோ கூடிக்கொண்டே போய், நிறுத்திவைத்த வண்டியையும் சில நிமிடங்களில் படுக்கவைத்துவிடும் என்பதால், இரண்டையும் வேகத்தோடு சேர்த்துக் கால்மன் வடிகட்டியில் (பிழையுள்ள பல அளவீடுகளைச் சேர்த்து நல்ல மதிப்பீட்டைத் தரும் கணக்குமுறை) இட்டுத்தான் நம்பத்தக்க கோணத்தைப் பெறுகிறோம்.

ஒழுங்காகச் செல்லும் வண்டியில் வேகம், திரும்பும் வீதம், சாய்கோணம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று கட்டுப்படுத்துகின்றன. முதலிரண்டைச் சொன்னால் மூன்றாவதைக் கணக்கிட்டுவிடலாம். சக்கரம் பிடியை இழக்கும்போது இந்தக் கணக்கு உதைக்கிறது. என் இரண்டாவது நிரல் தேடுவது அந்த முரண்பாட்டைத்தான்; வேகத்தடைகளை அது பெரும்பாலும் சட்டை செய்வதில்லை.

நிரலைச் சோதிக்க உதாரணங்கள் கிடைப்பதுதான் பெரும்பாடு. அமெரிக்காவில் வர்ஜீனியா டெக் ஆய்வாளர்கள் 100 ஓட்டுநர்களின் சொந்த வண்டிகளில் கேமராவும் உணரிகளும் பொருத்திச் சுமார் 5.9 லட்சம் கிலோமீட்டரைப் பதிவு செய்ததில், கிடைத்தவை 30 விபத்துகளும் 122 மயிரிழைத் தப்பல்களுமே. அதாவது ஏறக்குறைய 4,800 கிலோமீட்டருக்கு ஒரு தப்பல். (ஆற்காடு சாலையில் அவ்வளவு காத்திருக்க வேண்டியிராது என்பது என் சொந்தக் கருத்து.) இத்தனை அரிதான ஒன்றைத் தேடும்போது, எப்போதும் ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று சொல்லும் சோம்பேறி நிரலும் நூற்றுக்கு 99க்கு மேல் வாங்கிவிடும். ஆகவே, ‘துல்லியம் 99 விழுக்காடு’ என்று யாராவது பெருமை பேசினால், உண்மையான தப்பல்களில் எத்தனையைப் பிடித்தது, எத்தனை முறை வீணாக அலறியது என்று கேளுங்கள்.

இப்போது கைப்பிடியில் ஒரு பொத்தான் வைத்திருக்கிறேன். பதறிய கட்டைவிரல் அதைத் தேடி அழுத்தவே இரண்டு மூன்று நொடிகள் ஆகிவிடுவதால், அழுத்தியதற்கு முந்தைய பத்து நொடிகளையும் சேர்த்துச் சேமிக்கிறேன். தகட்டில் வழுக்கிய அன்று பொத்தான் இல்லை; சிக்னலில் நின்ற நேரத்தை வைத்துக் கணக்குப் போட்டு, அந்த அரை நொடியை இரவு வெகுநேரம் கையால் தேடித்தான் எடுத்தேன்.