அன்றாட மதிப்பீடே கற்றலை வளர்க்கும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'மாணவரின் கற்றலை வளர்ப்பது பருவத்தேர்வா, அன்றாட மதிப்பீடா?' என்னும் வழக்கில், அன்றாட மதிப்பீடே என்று வாதாட வந்திருக்கிறேன்.

மூன்றாம் வகுப்பில் 52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொல்கிறோம். ஒரு குழந்தை 35 என்று எழுதுகிறது. இன்னொன்று 24 என்று எழுதுகிறது. விடைத்தாளில் இரண்டுக்கும் பூஜ்யம்தான். ஆனால் முதல் குழந்தை, இரண்டிலிருந்து ஏழு போகாது என்றதும் ஏழிலிருந்து இரண்டைக் கழித்திருக்கிறது. கடன் வாங்கிக் கழித்தல் அதற்குப் புரியவே இல்லை. இரண்டாவது குழந்தையோ முறையாகக் கடன் வாங்கிவிட்டு, பன்னிரண்டிலிருந்து ஏழைக் கழிக்க விரல் விட்டு எண்ணும்போது ஒன்றைத் தவறவிட்டிருக்கிறது. முன்னதற்குக் குச்சிக் கட்டுகளைக் கையில் கொடுத்து அடியிலிருந்து தொடங்க வேண்டும். பின்னதற்கு, 'மறுபடி எண்ணிப் பார்' என்ற ஒரு சொல் போதும். இந்த வேறுபாடு, குழந்தை கணக்குப் போடும்போதே அருகில் நின்று பார்க்கும் ஆசிரியருக்குத்தான் தெரியும். பருவ முடிவில் தெரிந்தால், அதற்குள் பாடம் வகுத்தலுக்குப் போயிருக்கும்.

எல்லாருக்கும் ஒரே வினாத்தாள் என்பதால் தேர்வே நடுநிலையானது என்றார் எதிரணித் தலைவர். மேற்படிப்புக்கு இடம் ஒதுக்கும்போது அந்த நடுநிலை தேவைதான். அதை நான் மறுக்கவில்லை.

அவர் வைத்த அடுத்த குற்றச்சாட்டு கனமானது. தமிழகத்தில் 2012-13 கல்வியாண்டில் முப்பருவ முறையோடு வந்த தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டில், பாடம் நடக்கும்போதே செய்யும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ முடிவில் தேர்வாக வைக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என மதிப்பெண்கள் பிரிக்கப்பட்டன. அந்த 40-ஐ வாரி வழங்கிப் பதிவேட்டை நிரப்பிவிடுகிறார்கள் என்றார். அப்படி நடப்பது உண்டு. அதற்காக ஆசிரியர்மீது பழி போடுவது நியாயமாகாது. குழந்தை எங்கே தடுமாறுகிறது என்று அறிவதற்கான கருவியைக் கூட்டிக் காட்ட வேண்டிய மதிப்பெண்ணாக மாற்றியதால்தான், தடுமாற்றத்தை எழுதுவதே குழந்தைக்குக் கேடு என்ற நிலை வந்தது. குறை, அன்றாட மதிப்பீட்டுக்கு எண் கட்டியதில் இருக்கிறது.

இஸ்ரேல் பள்ளி மாணவர்களிடம் ரூத் பட்லர் நடத்தி 1988-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. விடைகளுக்கு எழுத்துக் குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்கள் அடுத்த பணியில் முன்னேறினார்கள். மதிப்பெண் மட்டும் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. மதிப்பெண்ணையும் குறிப்பையும் சேர்த்துப் பெற்றவர்களிடமும் இல்லை. எண்ணைக் கண்ட பிள்ளை குறிப்பைப் படிப்பதில்லை என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் இது நடக்குமா என்று கேட்பார்கள். நாற்பது பேருக்கும் நாள்தோறும் பக்கம் பக்கமாக எழுதச் சொல்லவில்லை. பாடவேளையின் கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரே ஒரு வினா, அரைத்தாளில் விடை. பெறும் தாள்களைப் புரிந்தவர், அரைகுறையாகப் புரிந்தவர், புரியாதவர் என மூன்று அடுக்காகப் பிரித்துவிட்டால், மறுநாள் எந்தக் கணக்கைக் கரும்பலகையில் முதலில் போடுவது, யாரை அருகில் அழைத்து உட்கார வைப்பது என்பது அன்று மாலையே ஆசிரியருக்குத் தெரிந்துவிடும்.